பன்னிரண்டு வரிகள்

ஹார்லோ துறை, கனெக்டிகட் ஆற்றங்கரை
1798 நவம்பர் 11

பிரெண்ட்ஃபோர்டு அச்சகம், திருமதி மெஹிடபல் கிரேன் அவர்களுக்கு,

எல்நாத்தான் வேட் சொல்ல, மாவு மில்காரர் மனைவி பேஷன்ஸ் டோவ் எழுதுவது. எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. ஆனால் என் பெயரைப் போட்டு நீங்கள் ஒரு புத்தகம் விற்கிறீர்கள். 'எல்நாத்தான் வேட் சிறைப்பட்ட சரித்திரம், அவரே தம் கையால் எழுதியது' என்று முதல் பக்கத்தில் இருக்கிறதாம். என் கையால் நான் எழுதியது, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட ஊர்ப் போதகர் நீட்டிய தாளில் ஒரு பெருக்கல் குறி மட்டும்தான்.

அதை நான்காம் தடவை அச்சடிக்கப்போகிறீர்கள் என்று பஞ்சாங்கம் விற்க வந்த ஆள் சொன்னான். அடிக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

செப்டம்பரில் ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் படுக்கை. இந்தப் பேஷன்ஸ் போன வருடம்தான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். எனக்குச் சோளக்கூழ் கொண்டுவந்தபோது, பெட்டிமேல் வேதப்புத்தகத்துக்கு அடியில் கிடந்த அந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள்.

"உங்க புஸ்தகமா? பொழுது போகட்டும், படிச்சுக் காட்டவா?"

"எனக்கு நடந்தது எனக்குத் தெரியாதா?" என்றேன். அப்புறம், "சரி, போதகர் எப்படித்தான் எழுதியிருக்காருன்னு கேப்போம், படி" என்றேன்.

முப்பத்தேழு வருடத்தில் ஒருவர்கூட எனக்கு அதைப் படித்துக் காட்டியதில்லை. எழுதினவனுக்கே யாராவது படித்துக் காட்டுவார்களா? எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஊர்க்காரர்கள் என் முன்னால் என் குழந்தையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். மனசு நோகுமே என்று விட்டுவிடுகிறார்கள் என நினைத்துக்கொள்வேன்.

பேஷன்ஸ் நன்றாகத்தான் படித்துக்கொண்டு போனாள். பத்தொன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"என்ன, எழுத்து அழிஞ்சிருக்கா?"

"இல்ல பெரியவரே. இதை உங்க முன்னாடி படிக்க மாட்டேன்."

"என்ன இருக்கு அதுல?"

"உங்க குழந்தையப் பத்தி."

"என் குழந்தையப் பத்தி எனக்குத் தெரியாதது அதுல என்ன இருக்கப்போகுது? படி."

படித்தாள். பியேல் என்ற அபெனாக்கிச் செவ்விந்தியன், இடது கையில் மூன்றே விரல் உள்ளவன், என் நாலு மாதப் பெண் ரூத்தின் கால்களை அந்த மூன்று விரலால் பற்றித் தூக்கி மேப்பிள் மரத்தில் அறைந்து கொன்றான் என்று பன்னிரண்டு வரி. மேலே அதற்கு ஒரு படம்.

அம்மா, அப்படி நடக்கவில்லை. பியேல் என் பிள்ளையைக் கொல்லவில்லை.

போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாதபடி ஒரு காரியம் இருக்கிறது. அபெனாக்கிகள் ஊரைத் தாக்கியபோது என்னோடு பிடிபட்ட என் தங்கை டெபோராவுக்கு அப்போது ஏழு வயது. நான் மூன்று வருடத்தில் கைதி மாற்றத்தில் திரும்பி வந்தேன். அவள் வரவில்லை. பியேலும் அவன் மனைவியும் அவளை மகளாக வளர்த்தார்கள். அங்கேயே கல்யாணம், அங்கேயே பேரப்பிள்ளைகள். போன மாதம் தோல் வியாபாரி ஒருவன் வந்து அவள் சொல்லி அனுப்பியதைச் சொன்னான்: ஆற்றில் பனிக்கட்டி உடைந்ததும் படகில் வருகிறாளாம். கூடை விற்றுக்கொண்டே வந்து, நான் சாகிறதுக்குள் ஒரு தடவை என்னைப் பார்ப்பாளாம். கிழவன் பியேலுக்குக் கண் மங்கிவிட்டது, தனியாக விட ஆள் இல்லை, அவனையும் கூட்டி வருகிறாளாம்.

இங்கே கேப்டன் சாதோக் ஃபிஸ்க் என்று ஊர்ப்படைத் தலைவன் ஒருவன். நாங்கள் பிடிபட்ட நாளில் அவன் அப்பா செத்தார். மே மாதம் படைப்பயிற்சி நாளில், ரம் ஊற்றுவதற்கு முன், வருடா வருடம் எல்லாரையும் நிறுத்தி உங்கள் பத்தொன்பதாம் பக்கத்தைத்தான் படிக்கிறான் என்று, அங்கே போகாத எனக்கு இப்போதுதான் தெரிகிறது. படித்து முடித்து, "அந்த மூணு விரலும் என்னிக்காவது இந்த ஆத்துல துடுப்புப் போடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பானாம்.

ஏப்ரலில் அந்த மூன்று விரல் வருகிறது. அந்தப் பன்னிரண்டு வரியை எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. பொய் என்று அச்சிலேயே போடுங்கள்.

எல்நாத்தான் வேட், அவர் குறி X


பிரெண்ட்ஃபோர்டு
1798 டிசம்பர் 2

திரு வேட்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மரியாதையாகவே பதில் சொல்ல முயல்கிறேன்.

என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் பொய் என்று சொல்லும் புத்தகத்தை அச்சிட்டவர் அவர். எழுதிக் கொடுத்தவர் உங்கள் ஊர்ப் போதகர். அவரும் இல்லை. பதில் சொல்ல முடியாத இருவர்மேல் பழி போடுவது எளிது. போதகர் உங்களுக்கு வாசித்துக் காட்டி, நீங்கள் தலையசைத்து, குறியும் போட்ட கையெழுத்துப் பிரதியின் கடைசித் தாள் இன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

நான்காம் பதிப்பின் முதல் தாள், அதாவது முதல் பதினாறு பக்கம், அடித்துக் காய்ந்துவிட்டது. இந்த அச்சகம் இரண்டு புத்தகங்களால் நிற்கிறது: பஞ்சாங்கமும் உங்களுடையதும். வேதப்புத்தகத்தை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறார்கள். நாவல்களையும் அப்படித்தான். இங்கே நடந்ததை இங்கே உள்ளவரே சொன்னது என்று ஒரு பண்ணை வீட்டில் நீட்ட எங்களிடம் வேறு என்ன இருக்கிறது? புத்தகம் சுமந்து விற்கும் மூட்டைக்காரர்கள் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான். பள்ளிக்கூடத்துப் பெண்கள் அதை மனப்பாடமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தவிர, நீங்கள் சொல்வது நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு பனிக்காலம். ஞாபகம் மாறும். அச்சு மாறாது.

உங்கள் தங்கை பத்திரமாக வந்து சேரப் பிரார்த்திக்கிறேன்.

மெஹிடபல் கிரேன்


ஹார்லோ துறை
1798 டிசம்பர் 20

திருமதி கிரேன் அவர்களுக்கு,

ஞாபகம் மாறும் என்கிறீர்கள். எழுதி வைத்துக்கொள்கிறவர்களுக்கு மாறலாம். எனக்கு எழுத்து இல்லை, அதனால் மறக்கவும் வசதி இல்லை. அன்றைக்குப் போதகரிடம் சொன்னதை அப்படியே மறுபடி சொல்கிறேன். உங்கள் இழுப்பறையில் இருக்கும் தாளோடு ஒத்துப் பாருங்கள்.

1755 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, விடியும் நேரம். கதவைத் துளைத்து வந்த குண்டில் என் மனைவி லிடியா செத்தாள். சுட்டது பியேலா என்று தெரியாது. அந்தக் கூட்டத்தில் அவனும் இருந்தான். அவனை நான் தேவதூதன் என்று சொல்ல வரவில்லை. எங்களைப் பிடிக்க வந்தவன்தான்.

வாசலில் ஒருவன் குழந்தையைப் பார்த்துவிட்டு, இது நடைக்கு ஆகாது என்று கையால் காட்டினான். பியேல் அதை என் கையிலிருந்து வாங்கித் தன் கோட்டுக்குள் போட்டுப் பெல்ட்டை இறுக்கினான். ராத்திரி தங்குகிற இடத்தில் மான் எலும்பைக் கொதிக்க வைத்து, அந்த நீரில் விரலை நனைத்து நனைத்து அதன் வாயில் வைப்பான். மூன்று விரலில் நடுவிரலைத்தான் அது சப்பும். அந்தக் கையைப் பற்றி நான் போதகரிடம் சொன்னது இதற்காகத்தான். இந்த விரலை எடுத்து உங்கள் புத்தகம் கொலைகாரனுக்கு அடையாளம் ஆக்கிவிட்டது.

ஒரு ராத்திரி குழந்தைக்கு மூச்சு வாங்கியது. பியேல் பனியை உள்ளங்கையில் உருக்கி, அதன் நெற்றியில் விட்டு, ஏதோ சொல்லிச் சிலுவை போட்டான். நாங்கள் அந்த மதம் இல்லை. ஆனால் அந்தக் காட்டில் வேறு யார் இருந்தார்கள் அதற்கு? நான் தடுக்கவில்லை. எனக்கும் அப்போது நல்ல காய்ச்சல்.

ஒன்பதாம் நாள், ஒரு பெரிய மேட்டைத் தாண்டி இறங்கியதும், கோட்டைத் திறந்து காட்டினான். போய்விட்டது. கைக்கோடாலியால் உறைந்த மண்ணை வெட்டினான். நானும் வெட்டினேன். ஆளுக்குக் கொஞ்சம். ஒன்பது நாள். எனக்கு ஒரு நாள்கூடப் பிசகாது.

போதகருக்கு நான் சொன்னது இது. அவர் எழுதியதைப் படித்துக் காட்டியபோது இதெல்லாம் அதில் இருந்தது. பனித்தண்ணீர் இடம் வந்தபோது மட்டும் அவர் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் ஒழுங்குபண்ணிக் குடுக்கறேன் எல்நாத்தான்" என்றார். நானும் சரி என்றேன். ஒழுங்குபண்ணுவது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது.

இப்போது சொல்லுங்கள். அந்த மரத்தை யார் நட்டது?

எல்நாத்தான் வேட் X

(இதை எழுதுகிற பேஷன்ஸ் சொல்வது: அம்மா, இவர் இதை நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னார். மறுநாள் திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒரு வார்த்தை மாறவில்லை.)


பிரெண்ட்ஃபோர்டு
1799 ஜனவரி 14

திரு வேட்,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

மரத்தை நட்டவள் நான்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. கல்யாணமாகி நாலு மாதம். என் கணவர் அச்சை இழுப்பார், நான் ஈய எழுத்துகளைக் கோப்பேன். உங்கள் பிரதி நீங்கள் இப்போது சொன்னபடியேதான் வந்தது. மான் எலும்பு, விரல், பனித்தண்ணீர் எல்லாம் இருந்தன. அந்தப் பக்கத்தைக் கோத்தவள் நானே. அழுதுகொண்டே கோத்தேன் என்று சொன்னால் இன்று நம்ப மாட்டீர்கள்.

மறுநாள் அடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் உங்கள் போதகர் குதிரையில் வந்து இறங்கினார். பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். காட்டுமிராண்டி ஒருவன் ரோமச் சபையின் ஞானஸ்நானச் சடங்கை ஒரு புராட்டஸ்டண்டு குழந்தைக்குச் செய்தான், தகப்பன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான் என்பதைத் தன் சபையார் படிக்கக் கூடாது என்றார். எடுத்தோம். அவர் போய்விட்டார். எடுத்த இடத்தில் என்ன போடுவது என்று அவர் சொல்லவில்லை.

முழுப் பக்கம் காலி. வெறும் பக்கத்தோடு விற்றால் வாங்கியவன் திருப்பிக் கொண்டுவந்து எறிவான். பின்னால் உள்ளதையெல்லாம் முன்னே நகர்த்தினால் மூன்று நாள் வேலை. எங்களிடம் ஒரு பழைய மரக்கட்டைப் படம் இருந்தது. வேறொரு அச்சகத்திலிருந்து வந்தது, எந்தப் புத்தகத்துக்குச் செதுக்கியதோ தெரியாது. ஒரு செவ்விந்தியன், ஒரு மரம், ஒரு குழந்தை. என் கணவர் அதைக் காலி இடத்தில் வைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் அடைத்தது. "கீழ பன்னெண்டு வரி வேணும் மெஹி, படத்துக்கு ஏத்த மாதிரி ஏதாவது கோத்துடு" என்றார்.

நான் தாளில் எழுதக்கூட இல்லை. எழுத்துகளை எடுத்து எடுத்து நேராகக் கோத்தேன். படத்தில் இருப்பவனுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருந்த ஒரே அபெனாக்கிப் பெயர் பியேல். அவன் கையைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது, அதையும் சேர்த்தேன். சேர்த்ததும் வரி உயிரோடு எழுந்தது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

ஒருமுறை பாஸ்டனிலிருந்து வந்த பெரிய போதகர் ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து, இந்த வட்டாரத்தில் எழுதப்பட்டதிலேயே சிறந்த பத்தி அதுதான் என்று என் கணவரிடம் சொன்னார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்றிரவு கணவர், "கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். நான் வாழ்நாளில் எழுதியது அந்தப் பன்னிரண்டு வரி மட்டுமே.

அவன் ஒரு மனிதன் என்பதே எனக்கு இத்தனை வருடம் தோன்றவில்லை, திரு வேட். எங்கோ கண் மங்கி, படகில் ஏறக் காத்திருப்பான் என்று தோன்றவில்லை.

நான்காம் பதிப்பை நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். என் கணவரின் பெயர் இன்னும் வாசல் பலகையில் இருக்கிறது.

மெ. கிரேன்


ஹார்லோ துறை
1799 பிப்ரவரி 18

திருமதி கிரேன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. பேஷன்ஸுக்குத் தெரியும், அவள் படிக்காமல் எனக்கு எப்படித் தெரியும்? அவள் வாய் திறக்க மாட்டாள்.

உங்களை நான் திட்டப்போவதில்லை. திட்ட நினைத்தேன், பேஷன்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

கடிதம் இல்லாமல் என் வாயாலேயே முடிக்கலாம் என்று பார்த்தேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கோலை ஊன்றிக்கொண்டு சபைக்கூடத்தில் எழுந்து நின்றேன். உங்களுக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். பனித்தண்ணீரையும் சொன்னேன். ஒருவரும் இருமவில்லை. நம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஃபிஸ்க் எழுந்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"பெரியவரே, உங்களுக்கு வயசாயிடுச்சு. பட்ட கஷ்டத்துல மனசு கலங்கிப் போச்சு. உங்க புஸ்தகத்தையே நீங்க ஒரு தடவ படிச்சுப் பாருங்க."

"நான் எங்கடா படிக்கறது? எனக்கு எழுத்தே தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்றேன். அன்னிக்கு ஞாபகம் நல்லா இருந்தப்ப சொன்னீங்க, அச்சுல ஏறிடுச்சு. இன்னிக்கு வேற மாதிரி சொல்றீங்க. நாங்க எந்த எல்நாத்தான நம்பறது?"

"உயிரோட நிக்கறவன நம்புடா."

நாலைந்து பேர் சிரித்தார்கள். உபதேசியார் மனைவிக்குக் கோபமே வந்துவிட்டது. "முப்பது வருஷமா அந்தப் பக்கத்தப் படிச்சுப் படிச்சு நான் அழுதிருக்கேன். இப்ப வந்து குளிர்ல செத்துச்சுன்னா, நான் அழுததெல்லாம் என்ன?" என்றாள். அவள் உண்மையாகத்தான் அழுதிருக்கிறாள்.

வெளியே வரும்போது ஒருவன் என் தோளைத் தட்டி, "கிழவருக்கு அந்தக் காட்டுப் பயலுங்க ஏதோ மருந்து வெச்சுட்டானுங்கப்பா" என்றான். அதற்கும் சிரிப்பு.

ஆகவே அம்மா, என் வாய்ச்சொல் செல்லவில்லை. என் புத்தகமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதை எதிர்த்துப் பேச இன்னொரு அச்சு வேண்டும். உங்கள் பெயரில் வேண்டும். உங்கள் கணவரை நான் பார்த்ததில்லை, நல்லவராகத்தான் இருந்திருப்பார். ஆனால் அவர் இப்போது யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. பியேல் பயப்பட வேண்டும்.

வடக்கே ஆள் அனுப்பித் தங்கையை வராதே என்று தடுக்கலாமா என்று யோசித்தேன். பனிக்காலத்தில் போகிறவன் யாரும் இல்லை. ஆற்றில் இப்போதே நடுவில் விரிசல் தெரிகிறது.

எல்நாத்தான் வேட் X


பிரெண்ட்ஃபோர்டு
1799 மார்ச் 22

திரு வேட்,

இதோடு நூறு ஒற்றைத் தாள் வருகிறது. மீதி நானூறை ஆற்றோரம் உள்ள எல்லா மதுக்கடைக் கதவிலும் ஒட்டச் சொல்லி மூட்டைக்காரர்களிடம் கொடுத்திருக்கிறேன். தலைப்பில், 'எல்நாத்தான் வேட் சரித்திரத்தின் பத்தொன்பதாம் பக்கம் நான் புனைந்தது' என்று இருக்கிறது. கீழே என் முழுப் பெயர். போதகர் எடுக்கச் சொன்னதையும் படத்தின் கதையையும் ஒளிக்காமல் போட்டிருக்கிறேன். என் பெயர் அச்சில் வருவது இதுவே முதல் தடவை.

என் மைத்துனர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பாஸ்டன் கடைக்காரர் பஞ்சாங்கத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் சொன்னதை வைத்து அந்தப் பக்கத்தை மறுபடி கோத்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. குறைக்கப் பார்த்தேன், எந்த வரியில் கை வைப்பது என்று தெரியவில்லை. வழிந்து ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் உள்ளது எல்லாம் தள்ளிப்போகும், அந்த மூன்று நாள் வேலையை இப்போது செய்கிறேன். ஒன்பதாம் நாள், மேடு, கோடாலி. எழுத்து கட்டி வைத்திருக்கிறது, ஒரு மாதிரிப் படி இதோடு வருகிறது, நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அடிப்பேன்.

நானே வந்து சபையில் நின்று சொல்லலாம் என்றுதான் புறப்பட்டேன். பனி உருகிப் பாதை சேறாகி, வண்டி இரண்டாம் மைலிலேயே அச்சு முறிந்தது.

மெஹிடபல் கிரேன்


ஹார்லோ துறை
1799 மே 3

திருமதி கிரேன் அவர்களுக்கு,

அவர்கள் வந்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஒற்றைத் தாள் ஏப்ரல் முதல் வாரமே வந்தது. பேஷன்ஸ் மதுக்கடையில் நின்று உரக்கப் படித்தாள். அப்புறம் ஃபிஸ்க், "புதுப் பதிப்பு வருதாம்ல? பழசு வீட்டுக்கு வீடு இருக்கு. இப்படி ஒரு புரளி கிளப்பினாத்தானே புதுசு விக்கும்" என்றான். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அச்சுக்காரி விற்பதற்காக எதையும் அடிப்பாள் என்கிறார்கள். பழைய பக்கத்தை அடித்தவளும் அதே அச்சுக்காரிதானே என்று பேஷன்ஸ் கேட்டாள்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி காலையில் மேலாற்றிலிருந்து சத்தம் வந்தது, மரப்பட்டைப் படகு ஒன்று வருகிறது, ஒரு பெண்ணும் கிழவனும் என்று. நான் துறைக்கு இறங்குவதற்குள் ஃபிஸ்க்கும் ஆறு பேரும் துப்பாக்கியோடு நின்றார்கள். படகு கரைக்கு வந்துவிட்டது. டெபோரா இறங்கினாள். அவளை நான் அடையாளம் கண்டுகொண்டது எங்கள் அம்மாவின் நடையை வைத்து. பின்னால் பியேல் படகின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். இடது கை. எல்லாரும் பார்த்தார்கள்.

கெஞ்சினால் நடக்காது என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லியும் பார்த்தாயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர்கள் நம்புவது புத்தகத்தை, அந்தப் புத்தகத்தின்படி யாருக்கு என்ன நியாயம்?

"சாதோக்," என்றேன், "நீ படிக்கற பக்கத்துல செத்தது யாரோட பிள்ள?"

"உங்க பிள்ள."

"அப்ப கணக்குத் தீக்க வேண்டியவன் நீயா, நானா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கையை நீட்டினேன். "குடு."

"பெரியவரே..."

"எம் பிள்ளடா. குடு இப்படி."

கொடுத்துவிட்டான். அவன் நெஞ்சில் ஏதோ ஆறின மாதிரி முகம் ஆயிற்று, பாவம். மற்றவர்கள் துப்பாக்கியைக் கீழே இறக்கி வழிவிட்டார்கள். ஒருவன் தொப்பியைக்கூட எடுத்தான். நான் ஒரு கையில் கோல், ஒரு கையில் துப்பாக்கியோடு தண்ணீர் ஓரம் போனேன். கோலைக் கீழே போட்டுவிட்டு, பியேலின் அந்த மூன்று விரல் கையை என் கையில் கோத்துக்கொண்டேன். அவர்கள் நடுவிலேயே அவனை நடத்திக் கூட்டி வந்தேன். யாரும் ஒன்றும் செய்யவில்லை. செய்ய அவர்களுக்கு உரிமை இல்லையே, புத்தகத்தின்படி. டெபோரா கூடைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

மறுநாள் ஃபிஸ்க் துப்பாக்கி கேட்டு வந்தான். வாசலைத் தாண்டவில்லை. உள்ளே பியேல் கூழ் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றான்.

"நிஜமாவே நீங்க சொல்றபடிதானா?" என்றான்.

"நான் அங்க இருந்தேன்டா."

"எங்க அப்பா?"

"அது எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்குள்ள இருந்தேன்."

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். நம்பினானா, தெரியாது. இன்னும் யாரும் எங்களோடு பேசவில்லை. பேஷன்ஸும் அவள் கணவரும் மட்டும் வந்து போகிறார்கள்.

இப்போது பக்கத்தைப் பற்றி. நீங்கள் புதிதாகக் கோத்து அனுப்பிய பக்கத்தைப் பேஷன்ஸ் இரண்டு நாளைக்கு முன் இங்கே படித்தாள். டெபோராவுக்கு நம் பேச்சு பாதி மறந்துவிட்டது, இருந்தாலும் வரி வரியாகப் பியேலுக்கு அவர்கள் பாஷையில் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். கடைசியில் ஆட்டுவதை நிறுத்தினான். அப்புறம் பேச ஆரம்பித்தான்.

எனக்கு ஒரு நாள்கூடப் பிசகாது என்று உங்களுக்கு எழுதினேன். ஊர் நடுவில் நின்றும் சொன்னேன். பிசகியிருக்கிறது. எழுத்தை இன்னும் கலைக்கவில்லை என்றால், ஒன்பது என்பதை ஏழு என்று மாற்றுங்கள். மீதியை என் பெயரில் போட வேண்டாம். சொன்னவன் பெயரிலேயே போடுங்கள். பேஷன்ஸ் கீழே எழுதியிருக்கிறாள்.

எல்நாத்தான் வேட் X


பியேல் சொல்ல, டெபோரா மொழி மாற்ற, பேஷன்ஸ் டோவ் எழுதியது:

ஏழாம் நாள் காலையில, கோட்டுக்குள்ள கைய விட்டேன். விரல அவ சப்பல. ஆறிப் போயிருந்தா. இவன் பின்னாடி காய்ச்சலோட வந்துக்கிட்டிருந்தான். அடிக்கொரு தடவ, "எப்படி இருக்கா?"ன்னு கேப்பான். அவன் பாஷ எனக்குப் புரியாது, ஆனா அது புரியும். முன்னாடி பெரிய மேடு. இடுப்பளவு பனி. அவ இல்லன்னு தெரிஞ்சா இவன் அங்கயே உக்காந்துடுவான். உக்காந்தவன் எந்திரிக்க மாட்டான். நான் பல பேரப் பாத்திருக்கேன். அதனால அவ தூங்கறான்னு கையால காட்டினேன். ராத்திரி எலும்புத் தண்ணியில விரல நனச்சு, கோட்டுக்குள்ள விட்டேன், அவன் பாக்கற மாதிரி. ரெண்டு நாள் அப்படிச் செஞ்சேன். மேட்டுல அவன் விழுந்தப்பல்லாம் நெஞ்சத் தட்டிக் காட்டுவேன், இவ இருக்கா, வான்னு. வந்தான். எறங்கினதும் தெறந்தேன்.

சொல்லணும்னு இத்தன வருஷமா இருந்துச்சு. பக்கத்துல இருந்தப்ப பாஷ இல்ல. அப்புறம் சொல்ல இவன் பக்கத்துல இல்ல.